நான்கு ஓட்டு ஒன்றான கதை

ஊராட்சி மன்ற அலுவலகத்தின் உள்சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருந்தார்கள். இதுவரை தலைவராக இருந்தவர்களின் பெயரும் பதவிக்காலமும் வரிசையாக எழுதியிருக்கும். கடைசி வரிக்கு மேலே இருந்ததெல்லாம் இரண்டே குடும்பத்துப் பெயர்கள். அப்பா, சித்தப்பா, மகன், மருமகள். கடைசி வரியில் மட்டும் காலனியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர்: 2020 – 2025. நாற்று நடவும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தவர். தலைவர் ஆன பிறகும் லீவு நாளில் போனவர். நாங்கள் அவரைத் தலைவரம்மா என்றுதான் கூப்பிடுவோம், இப்போதும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சான்றிதழ் விஷயமாக அவரோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் ‘பேரூராட்சி அலுவலகம்’ என்று புது போர்டு. உள்ளே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பலகையைக் காணோம். பிறகு கண்ணில் பட்டது. பீரோவுக்குப் பின்னால், பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கு நடுவே, எழுத்து சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்திருந்தார்கள். தலைவரம்மா அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. திரும்பி நடந்து வரும்போதுதான் கேட்டார்.

“ஏம்மா, நான் மறுபடியும் நிக்கணும்னா இப்ப எங்க நிக்கணும்?”

இரண்டு ஆண்டுகளாக அந்த ஊரில் ‘டவுன் ஆனால் நல்லது’ என்று பேசிக்கொண்டிருந்தவள் நான். அதனால் எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகத் தேடிய பதில். உள்ளாட்சி பற்றிப் படிக்கிற, களத்துக்குப் போகத் தயாராகிற தம்பி தங்கைகள் நான் செய்த தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகவும் எழுதுகிறேன். வட மாவட்டம் ஒன்றில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற ஊர். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் வேலை மிச்சமிருக்கிறது.

நான் ஏன் அப்படிப் பேசினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சமூகவியல் முதுகலை படித்த நாளிலிருந்து என் மண்டையில் ஆழமாக இறங்கிய ஒன்று, அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியது. கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களை அவர் அன்று ஒரு பிடி பிடித்தார். அரசியல் சட்ட வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். அதைப் படித்தவர்கள் ‘கிராமம் ஒழிந்தால் சேரியும் ஒழியும்’ என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்வோம் இல்லையா? நானும் போட்டுக்கொண்டேன். மாலை வகுப்பில் காலனிப் பிள்ளைகளிடமும் அதைத்தான் சொன்னேன். பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன் சொன்னான்: “அக்கா, டவுன் ஆயிட்டா அட்ரஸ்ல காலனின்னு எழுத வேணாம். வார்டு நம்பர் போட்டுக்கலாம்.” அந்த ஆசையில் என்ன தப்பு இருக்கிறது? ‘காலனி’ என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் சொல் எப்படி வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

ஆனால் பாபாசாகேப் பேசியது கிராமம் என்கிற சமூக அமைப்பைப் பற்றி. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று நிற்கிற மண்ணைப் பற்றி. நான் பேசிக்கொண்டிருந்தது ஒரு அரசாணையைப் பற்றி. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஓர் ஊர் எப்படி டவுன் ஆகிறது? அரசியல் சட்டத்தின் 243-கியூ பிரிவுப்படி, மக்கள்தொகை, அடர்த்தி, வருவாய், விவசாயம் அல்லாத வேலைகளின் பங்கு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைப் பார்த்து ஆளுநர் பெயரில் அறிவிக்கை வெளியிட வேண்டும். அதாவது முடிவு மாநில அரசின் கையில். கிராம சபை கூடி வேண்டாம் என்று தீர்மானம் போட்டாலும் அது அரசைக் கட்டாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தனியாக ஓர் அளவுகோல் இருக்கிறது: 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், அதோடு முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். ஆண்களில்! முதுகலை வகுப்பில் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது கவனிக்காமல் கடந்துபோனேன். அந்தக் காலனியில் ஆண்கள் கம்பெனி வேனில் ஏறிப் போகிறார்கள், கொத்து வேலைக்குப் போகிறார்கள். கழனியில் நிற்பது முழுக்கப் பெண்கள். அவர்களை எண்ணாமலேயே அது நகரமா இல்லையா என்று முடிவு செய்துவிடலாம்.

நகரமும் கிராமமும் எவ்வளவு தூரம் காகித விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2004-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே உத்தரவில் ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ என்று மாற்றினார்கள். ஊரகத் திட்டங்களுக்கான மத்திய நிதி கிடைக்கும் என்பது காரணம். 2006-இல் ஆட்சி மாறியதும் திரும்பவும் பேரூராட்சி. இரண்டு முறையும் எந்தச் சேரியும் ஒரு அடி நகரவில்லை.

2024 டிசம்பர் கடைசியில் 13 நகராட்சிகள், 25 பேரூராட்சிகள் என்று புதிதாக உருவாக்க அரசாணைகள் வந்தன. பல கிராம ஊராட்சிகள் பக்கத்து மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கப்பட்டன. அடுத்த சில நாளில், 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு, 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலமும் முடிந்தது. எதிர்ப்புத் தெரிவித்துப் பல மாவட்டங்களில் மக்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். நூறு நாள் வேலை போய்விடும் என்பதுதான் அவர்களின் முதல் பேச்சு. அந்தச் செய்திகளைப் படித்தபோது, வெட்கத்தோடு சொல்கிறேன், ‘மக்களுக்கு நீண்டகால நன்மை புரியவில்லை’ என்று நினைத்தேன்.

நூறு நாள் வேலை ஊரகப் பகுதிக்கு மட்டுமான சட்டமாக இருந்தது. பேரூராட்சி என்று ஆனால் அடையாள அட்டை வெறும் அட்டை. 2025-26 நிதியாண்டில் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. முழுசாக 336 யாருக்கும் வந்ததில்லை என்பது வேறு கதை. ஆனால் பணத்தை விட முக்கியமான ஒன்றைக் காலனிப் பெண்கள்தான் எனக்குச் சொன்னார்கள். ஏரியில் மண் வெட்டுகிற அந்த நாட்களில் ஊர்த்தெருக்காரர் கழனிக்குக் கூப்பிட்டால், ‘இன்னிக்கு ஏரி வேல இருக்கு’ என்று சொல்லி மறுக்க முடிந்தது. மறுக்க முடிந்ததால்தான் கழனிக் கூலியும் ஏறியது. இப்போது அந்த ‘இல்லை’யைச் சொல்ல முடியாது. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று மாநில அரசு ஒன்றைத் தொடங்கியது, ஆனால் அது தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய்க்கு வீடு கிடைக்கும் என்று காத்திருந்த குடும்பங்களுக்கும் இதே நிலைமை. அது ஊரகத்துக்கான திட்டம். வீட்டு வரி வருடத்துக்கு ஒருமுறை கட்டியது போய் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி.

இதெல்லாம் பணக் கணக்கு. ஓட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

கிராம ஊராட்சியில் ஒரு வாக்காளருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். நான்கு நிறத்தில் நான்கு சீட்டு. தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், கட்சிச் சின்னம் கிடையாது. பேரூராட்சியில் ஒரே ஓட்டுதான், வார்டு கவுன்சிலருக்கு மட்டும். தலைவரைக் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சித் தலைவர் பதவியில் இட ஒதுக்கீடு பத்தாண்டுக்கு ஒருமுறை சுழலும், அதாவது தொடர்ந்து இரண்டு தேர்தல். 2019-இல் எஸ்.சி. பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியில் அடுத்த முறையும் காலனியிலிருந்துதான் ஒரு பெண் வந்திருக்க வேண்டும். வரமாட்டார். யாரும் தடுக்கவில்லை, கலவரம் இல்லை, ஓட்டுச் சீட்டைக் கிழிக்கவில்லை. அந்த நாற்காலியே இப்போது இல்லை. பேரூராட்சித் தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு உண்டுதான். ஆனால் அது மாநிலம் முழுக்க இருக்கிற பேரூராட்சிகளுக்குள் பங்கிடப்படும். இங்கே விழலாம், விழாமலும் போகலாம்.

மேலவளவில் முருகேசன் உட்பட ஆறு பேரை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றது இந்த நாற்காலிக்காக. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் 1996 முதல் 2006 வரை தேர்தலை நடத்தவிடாமல் செய்தது இந்த நாற்காலிக்காக. அவ்வளவு மதிப்புள்ள ஒன்று என்று ஆதிக்கச் சாதிகளுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தலைவரம்மாவின் ஐந்து ஆண்டும் தங்கமாகப் போனதாக நான் சொல்லவில்லை. செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் ஊர்த்தெரு. முதல் எட்டு மாதம் அவர் கையெழுத்து வாங்கவே அலைந்தார். முதல் கூட்டத்தில் தனக்குப் போட்ட நாற்காலி மட்டும் பிளாஸ்டிக்காக இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் ஒரு அக்டோபர் 2 கிராம சபையை நான் நேரில் பார்த்தேன். காலனிச் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ஒருவர் முள்வேலி போட்டிருந்தார். மழைக்காலத்தில் பிணத்தை வரப்பு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அன்று காலனிப் பெண்கள் எண்பது, தொண்ணூறு பேர் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஊர்த்தெருவில் இருந்து வழக்கம்போல இருபது பேர். பாதையை அளந்து கல் நட வேண்டும் என்ற தீர்மானம் வாசிக்கப்பட்டது. செயலர் எழுதத் தயங்கினார். தலைவரம்மா சத்தம் போடவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, “நான் சொல்றேன், நீ எழுது தம்பி” என்றார். எழுதினார். கையெழுத்துகள் நான்கு பக்கம் போயின. அந்தத் தீர்மான நகலை வைத்துத்தான் தாலுகா ஆபீசில் சர்வேயரை வரவழைக்க முடிந்தது. வேலி போனது, ஒன்பது மாதம் கழித்து.

பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. நகர்ப்புறங்களுக்கு 2022-இல் பகுதி சபை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கவுன்சிலர் தலைமையில் குறை கேட்கிற கூட்டம். வருடத்துக்கு ஆறு முறை ஊரே கூடி, வரவு செலவைக் கேட்டு, தீர்மானம் எழுதி வாங்குகிற இடத்துக்கு அது ஈடாகாது. மன்றக் கூட்டத்தில் பேசுகிற உரிமை கவுன்சிலர்களுக்குத்தான்.

அப்படியானால் கவுன்சிலர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கவுன்சிலர் யார் என்பது வார்டு எல்லையில் இருக்கிறது.

இதை நான் கற்றது பக்கத்தில் உள்ள ஒரு பழைய பேரூராட்சியில். 2022 பிப்ரவரி 19 தேர்தலின்போது அங்கே இருந்தேன். 15 வார்டு. சேரி ஒரே இடத்தில், நெருக்கமாக இருக்கிறது. ஒரே வார்டாகப் போட்டிருக்கலாம். மக்கள்தொகை அதிகம் என்றால் இரண்டு முழு வார்டாகப் போட்டிருக்கலாம். ஆனால் எல்லைக்கோடு நடுத்தெருவில் புகுந்து மூன்றாகக் கிழித்திருந்தது. ஒவ்வொரு துண்டும் ஊரின் இரண்டு மூன்று தெருக்களோடு ஒட்டப்பட்டிருந்தது. எந்த வார்டிலும் சேரி ஓட்டு பாதியைத் தொடாது. எஸ்.சி. சதவீதம் அதிகமுள்ள வார்டுகள் என்று அவற்றில் இரண்டு தனி வார்டாக ஒதுக்கப்பட்டன. காகிதத்தில் சமூக நீதி சரியாக இருக்கிறது. இரண்டு தலித் கவுன்சிலர்கள். யார் ஜெயித்தார்கள் என்றால், ஒருவர் ரைஸ் மில்காரர் வீட்டு டிரைவர். இன்னொருவர் காண்ட்ராக்டரிடம் மேஸ்திரி. சேரியே நிறுத்திய பெண் இரண்டிலும் கடைசி. ஊர்த்தெரு ஓட்டுதான் சேரியின் பிரதிநிதி யார் என்று முடிவு செய்தது.

1932 பூனா ஒப்பந்தத்தைப் பரீட்சைக்குப் படிக்கிறோம். இரட்டை வாக்குரிமை போய்ப் பொதுத் தொகுதியில் 148 இடம் என்று எழுதி மார்க் வாங்குகிறோம். அந்த ஒப்பந்தம் ஒரு பேரூராட்சியின் நடுத்தெருவில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால், ஒரு வார்டு மேப்பை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

அந்த டிரைவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனிதர். பொங்கலுக்குச் சேரியில் பிள்ளைகளுக்குப் பேனா வாங்கிக் கொடுத்தார். ஆனால் மார்ச் 4 அன்று தலைவர் தேர்தலுக்கு முன் நான்கு நாள் அவர் எங்கே இருந்தார் என்று அவர் மனைவிக்கே தெரியாது. கவுன்சிலர்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு லாட்ஜில் வைத்திருந்தார்கள். ஓட்டுப் போட நேராக மன்றத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். பாப்பாபட்டியில் பத்தாண்டு வீம்பாக நின்று தடுத்ததை இங்கே ஒரு வேன் வாடகையில் முடித்துவிடலாம். பிறகு தெருவிளக்கு எங்கே வந்தது, கழிவுநீர்க் கால்வாய் எந்தத் தெருவோடு நின்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சேரிக்குக் குறைவில்லாமல் வந்தது ஒன்றுதான்: ஒப்பந்தத் தூய்மைப் பணி. நகரம் ஆன பிறகு குப்பை கூடுகிறது, அதை அள்ள ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடி மட்டும் சூப்பர்வைசர் சரியாகச் சேரிக்குள் வந்துவிடுகிறார். மற்ற தெருவில் ஆள் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

டவுன் வேண்டாம், கிராமமாகவே இருப்போம் என்று நான் இப்போது மாற்றிப் பேசவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யார் பிள்ளை என்று யாரும் கேட்காமல் உட்கார முடிகிற ஒரு இடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அது நெடுஞ்சாலையால் வந்தது, கம்பெனியால் வந்தது, படிப்பால் வந்தது. அதைப் பேரூராட்சி என்கிற போர்டு கொண்டுவந்தது என்று நான் நம்பியதுதான் தவறு. தெருவில் நகரம் பாதி வந்திருக்கும்போதே, காலனியின் கையில் இருந்த நாற்காலியும் நோட்டும் போய்விட்டன.

இனி என்ன செய்யலாம் என்பதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் தேர்தலுக்கு முன் வார்டு எல்லை வரைய வேண்டும். வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அந்த அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், செய்தித்தாளில் ஓரமாக வரும். கெடு முடிந்த பிறகு மனு கொடுத்துப் பயனில்லை. வரைவு வந்த பிறகு உட்கார்ந்து யோசிக்கவும் நேரம் போதாது. அதனால் நமது மேப்பை நாம் முன்னாலேயே வரைந்து வைத்திருக்க வேண்டும். எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை தலை, இயற்கையான எல்லை எது: வாய்க்காலா, ரோடா, ஏரிக்கரையா. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல்தான். கையில் இருப்பது 2011 கணக்கு. அதற்குப் பிறகு ஆதிதிராவிடர் நலத்துறை மனைப்பட்டா கொடுத்து உருவான புதுத் தெருக்கள் அந்தக் கணக்கில் காலி நிலம். அந்த வீடுகளை வரி ரசீதோடு, மின் இணைப்பு எண்ணோடு பட்டியல் போட்டு வைத்தால்தான் ஆட்சேபணையில் காட்ட முடியும். எந்த ஊரில் இந்தப் பேச்சு வந்தாலும் முதல் நாளே ஊராட்சியின் பழைய தீர்மான நோட்டுகளின் நகலை வாங்கிவிடுங்கள். நாங்கள் அதில் கோட்டை விட்டோம். சுடுகாட்டுப் பாதைத் தீர்மானம் உள்ள நோட்டு எங்கே என்று செயல் அலுவலரிடம் கேட்டால், பழைய ரெக்கார்டு எல்லாம் கட்டிப் போட்டிருக்கிறது, பார்க்க வேண்டும் என்கிறார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறேன்.

தலைவரம்மாவிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். டவுன் நல்லது என்று நான்தானே சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். “நீ சொல்லியா கவர்மெண்டு ஆர்டர் போட்டுது?” என்றார். பிறகு முறத்தை வைத்துவிட்டு எழுந்து, மகள் பையில் இருந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கே ஆரம்பித்தோம். ஆறு பெண்கள், அந்த ஐ.டி.ஐ. பையன், நான். வீடு வீடாக எண்ணிக்கொண்டு போனோம். புதுத் தெரு வரைக்கும் 312 வீடு. புளியமரத்துக் கல்வெர்ட்டில் எல்லையை நிறுத்தலாம் என்று பையன் சொன்னான். அதற்கு அப்பால் ஏரிக்கரையில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைச் சேர்த்தால் வார்டு பெரிதாகிவிடும், வேறு தெருவை வெட்டச் சொல்வார்கள் என்று ஒரு அக்கா தயங்கினார். கொஞ்ச நேரம் வாக்குவாதம். “நாம வுட்டா அவங்கள ஊர்த்தெருவோட சேத்துடுவான். அப்பறம் அவங்கள யாரு கேப்பா? எழுதும்மா” என்றார் தலைவரம்மா. ஏரிக்கரைக்குப் போனோம். பதினோரு வீடு. எதற்கும் கதவு எண் இல்லை. நோட்டில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மீதியை அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும்.